இரத்தத்தின் வித்தும் இளைஞர் கடனும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடைகளிலே சமயமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். அவ்வழக்கத்திற்கு மாறாக ஒரு நோயைப் பற்றிப் பேசுவதற்கு எமக்கு இடந்தந்த மன்றத்தாருக்கு முதற்கண் எம் நன்றி உரியதாகுக. யாம் வைத்தியர் அல்லோம். பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்து இளைப்பாறிய பின், தோட்டப் பகுதிகளிலிருந்து கண்டிக்கு வரும் நோயாளர் சிலருடன் கிளினிக் வாசலிலே காத்திருந்து பழகியதுண்டு. அந்தப் பழக்கத்திலே கண்டதும், நூல்களிலே கற்றதுமே இன்று யாம் சொல்லப்போவன.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே வைத்தியத்தின் உறுப்புக்களை நான்காக வகுத்தார். நோயாளி ஒருவர், வைத்தியர் மற்றொருவர், மருந்து மூன்றாவது, அருகிருந்து உதவுபவர் நான்காமவர். உதவுபவரையும் வைத்தியருக்கு ஒப்ப ஓர் உறுப்பாக வைத்தது எத்துணை நுட்பமான பார்வை! இக்காலத்திலோ சில நோய்களுக்கு ஐந்தாவது உறுப்பொன்றும் வேண்டியதாயிற்று. தம் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பவரே அந்த ஐந்தாமவர். நாட்பட்ட இரத்தப் புற்றுநோயிலே இந்த நான்காமவரும் ஐந்தாமவரும் இன்றேல் வைத்தியரும் மருந்தும் இருந்தும் பயன் குறைவு என்பதையே இன்று எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

இரத்தத்தின் தவறணை

இரத்தம் எங்கே உண்டாகின்றது? இருதயத்திலே என்று பலர் நினைப்பதுண்டு. இருதயம் இரத்தத்தை ஓட்டுமேயன்றி உண்டாக்குவதில்லை. வளர்ந்தோரின் இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முள்ளந்தண்டெலும்புகள் முதலியவற்றின் உள்ளே மென்மையான என்பு மச்சை இருக்கின்றது. அதுவே இரத்தம் பிறக்கும் இடம்.

தேயிலைத் தோட்டத்திலே தவறணையை அறியாதார் இல்லை. மலை முழுவதும் பசுமையாக நிற்பதற்கு வேண்டிய கன்றுகள் அனைத்தும் அச்சிறிய பாத்திகளிலேதான் வளர்கின்றன. என்பு மச்சையும் அத்தகைய தவறணையே. அதனுள்ளே மூலக்கலங்கள் என்னும் வித்துக்கள் உள. அவை தம்மைப் போன்ற வேறு மூலக்கலங்களையும் பெருக்கும். உயிர்வாயுவைச் சுமக்கும் செங்குழியங்களாகவும், நோய்க்கிருமிகளோடு போராடும் வெண்குழியங்களாகவும், காயத்தில் இரத்தத்தைக் கட்டச்செய்யும் சிறுதட்டுக்களாகவும் மாறி வளரும். ஒரு செங்குழியத்தின் வாழ்நாள் ஏறக்குறைய 120 நாள். ஆகவே, நாள்தோறும் சுமார் 20,000 கோடி புதிய செங்குழியங்கள் பிறந்துகொண்டே இருக்க வேண்டும். இத்தகைய மூலக்கலங்கள் உண்டென்பதை 1961ஆம் ஆண்டிலே கனடாவின் ரொறன்ரோ நகரிலே ஜேம்ஸ் டில், ஏர்னஸ்ற் மக்குலோக் என்னும் இருவர் எலிகளில் நடத்திய பரிசோதனையால் விளக்கினர்.

நோயின் இயல்பு

இத் தவறணையிலே ஒரு வித்துக் கெட்டு, அளவின்றி வெண்குழியங்களைப் பெருக்கத் தொடங்குவதே இரத்தப் புற்றுநோய். விரைந்து கொல்லும் வகையும் உண்டு. மெல்ல வளரும் நாட்பட்ட வகையும் உண்டு. நாட்பட்ட வகையிலும் இரண்டு உள. நிணக்கலங்களைப் பற்றும் வகை பெரும்பாலும் முதியோருக்கு வருவது. நம் ஆசியப் பகுதியிலே அது குறைவு. மச்சைக்கலங்களைப் பற்றும் மற்றைய வகையைப் பற்றியே இங்கே பேசுகின்றோம். ஓர் இலட்சம் மக்களுள் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இது வருகின்றது. உழைக்கும் வயதினரையும் இது விடுவதில்லை.

இது தொற்றுநோய் அன்று. நோயாளியின் கோப்பையிலே தேநீர் குடிப்பதால் எவருக்கும் வராது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் குடும்ப நோயும் அன்று. முன்வினை என்று நோயாளியை ஒதுக்கிப் பேசுவோர் அவருக்கு இரண்டாவது நோயொன்றைக் கொடுக்கின்றனர்.

1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே பீற்றர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் என்னும் இருவர், இந்நோயாளரின் கலங்களிலே ஒரு நிறமூர்த்தம் குறுகியிருப்பதைக் கண்டனர். 1973இல் ஜனெற் றௌலி என்னும் அம்மையார் அதன் காரணத்தைக் கண்டறிந்தார். 9ஆம் நிறமூர்த்தத்தின் துண்டும் 22ஆம் நிறமூர்த்தத்தின் துண்டும் ஒடிந்து இடம்மாறி ஒட்டிக்கொண்டதே அது. அந்தப் பிழையான ஒட்டிலிருந்து பிறக்கும் புரதம், "பெருகு, பெருகு" என ஓயாது கட்டளையிடுகின்றது. நிறுத்தும் கட்டளைக்கு அது செவிசாய்ப்பதில்லை.

அறிகுறிகளோ மிகச் சாதாரணமானவை. களைப்பு, உடல் மெலிவு, இராக்கால வியர்வை, மண்ணீரல் வீங்குவதால் இடப்பக்க வயிற்றிலே பாரம் ஆகியனவே அவை. பலருக்கு வேறு காரணத்திற்காகச் செய்த இரத்தப் பரிசோதனையிலே தற்செயலாக வெளிப்படுகின்றது. கவனியாது விட்டால் சில ஆண்டுகள் அடங்கியிருந்து, பின் ஒருநாள் கொடிய நோயாகச் சீறி எழும்.

மாற்றுச் சிகிச்சை பிறந்த கதை

பழைய தேயிலை நோயுற்றால் என்ன செய்கின்றோம்? வேரோடு பிடுங்கி, மண்ணைப் பண்படுத்தி, புதுக்கன்று நடுகின்றோம். மூலக்கல மாற்றும் இம்முறையினதே. கடும் மருந்தினாலும் சிலருக்குக் கதிர்வீச்சினாலும் நோயுற்ற மச்சையை அழித்து, பொருத்தமான வேறொருவரின் மூலக்கலங்களை ஏற்றுகின்றனர். இங்கே கத்தியும் தையலும் இல்லை. சாதாரணமாக இரத்தம் ஏற்றுவது போல நாளத்தின் வழியே ஏற்றுகின்றனர். அக்கலங்கள் இரத்தத்தோடு ஓடித் தாமாகவே எலும்பினுள் சென்று குடியேறுகின்றன. இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் புதிய இரத்தம் பிறக்கத் தொடங்குகின்றது. கொடுத்தவரின் இரத்த வகை வேறாயின், பெற்றவரின் இரத்த வகையும் நாளடைவில் அதுவாகவே மாறிவிடும்!

இது எளிதில் கைகூடியதன்று. 1957ஆம் ஆண்டு டொனால் தோமஸ் என்னும் அமெரிக்க வைத்தியர் மனிதருக்கு மச்சை ஏற்றியதைப் பற்றி முதன்முதல் எழுதியபோது, அந்நோயாளருள் ஒருவரேனும் நெடுநாள் பிழைக்கவில்லை. 1958இல் யுகோசிலாவியாவின் வின்சா அணு ஆய்வு நிலையத்திலே விபத்தொன்றினால் கதிர்வீச்சுக்கு ஆளானவர்களுக்குப் பாரிஸ் நகரிலே ஜோர்ஜ் மத்தே மச்சை ஏற்றினார். தமக்கு முகமறியாத அந்நியருக்காகப் பிரெஞ்சு மக்கள் சிலர் மச்சை கொடுத்தனர். ஐந்தாமவர் என்று யாம் சொன்ன உறுப்பு உலகின் கண்முன் தோன்றிய நாட்களுள் அதுவும் ஒன்று.

பின்னர் இழையப் பொருத்தம் பற்றிய அறிவு வளர்ந்தது. 1979ஆம் ஆண்டு சியாற்றில் நகர வைத்தியர்கள், நாட்பட்ட இரத்தப் புற்றுநோயாளர் நால்வருக்கு அவர்தம் ஒத்த இரட்டையரின் மச்சையை ஏற்றியதையும், அதன்பின் அந்தக் குறுகிய நிறமூர்த்தம் அவர்களிடம் மறைந்துபோனதையும் அறிவித்தனர். இந்நோயை வேரறுக்கலாம் என்னும் நம்பிக்கை அன்று பிறந்தது. தோமஸ் 1990இல் நோபெல் பரிசு பெற்றார். நம் அயல்நாடாகிய இந்தியாவிலே 1983இல் பம்பாய் ரற்றா நினைவு வைத்தியசாலையிலும், 1986இல் நம்மவர் பலரும் நாடிச்செல்லும் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியிலும் மச்சை மாற்று ஆரம்பமாயிற்று.

ஆயினும் இதனால் வரும் இடரையும் மறைத்தல் தகாது. புதிய வெண்குழியங்கள் நோயாளியின் உடம்பையே அந்நியமென எண்ணித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குவதுண்டு. நோய்த்தொற்றும் நேர்வதுண்டு. சிகிச்சையினாலேயே உயிரிழப்போரும் உளர். ஆகவேதான் இது தேவையானவருக்கு மட்டுமே செய்யப்படுகின்றது.

மாத்திரை வந்தது

1990களிலே இந்நோய்க்குப் பெருஞ்சிகிச்சையாக இருந்தது இம்மாற்றுத்தான். பின்னர் வந்தது இமாற்றினிப் என்னும் மாத்திரை. ஓயாது கட்டளையிடும் அப்புரதத்தின் வாயை அடைப்பதே அதன் தொழில். பிறயன் டிரக்கர் முதலியோரின் முயற்சியால் சோதிக்கப்பட்டு, 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலே அனுமதி பெற்றது. அம்மருந்தை முதலிலே பெற்றவர்களைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வு, பத்தாண்டு முடிவிலே நூற்றுக்கு 83 பேர் உயிருடனிருந்ததாக 2017இல் அறிவித்தது. முன்னொரு காலத்திலே ஐந்தாண்டு காண்பதே அரிதாயிருந்த நோய் இது!

விலைதான் பெருந்தடையாக நின்றது. 2013 ஏப்பிரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அம்மருந்தின் குறித்த வடிவத்துக்குத் தனியுரிமை வழங்க மறுத்தது. அதனால் இந்தியக் கம்பனிகள் பத்தில் ஒரு பங்களவு விலைக்கு அதனைத் தொடர்ந்து செய்ய வழி நிலைத்தது. மேலும் வலிய மாத்திரைகள் பின்னர் வந்துள்ளன. ஆகவே, இன்று இந்நோய் கண்டவுடன் மாற்றுச் சிகிச்சைக்கு ஓடவேண்டியதில்லை. மாத்திரைகளுக்கு அடங்காதவர்க்கும், நோய் கொடிய நிலைக்கு மாறியவர்க்குமே மூலக்கல மாற்று இன்று பெரும்பாலும் வேண்டப்படுகின்றது.

அப்படியாயின் கவலை தீர்ந்ததன்றோ என்பீர்கள். தீரவில்லை. மாத்திரை பெட்டியிலிருந்து வேலை செய்யாது. நாள்தோறும் வயிற்றிலே இறங்க வேண்டும். இலண்டனிலே 87 நோயாளரை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பத்திலே ஒன்பது பங்குக்கு மேல் மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களுள் நூற்றுக்கு 94 பேருக்கு நோய் நன்கு அடங்கியதென்றும், அதற்குக் குறைந்தவர்களுள் 28 பேருக்கே அடங்கியதென்றும் கண்டது. நோய் அணுவளவும் புலப்படாது பல ஆண்டு இருந்தவர் சிலருக்கு வைத்தியரே மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுண்டு. ஆனால் அது அடிக்கடி நுண்ணிய இரத்தப் பரிசோதனையோடு செய்யப்படுவது. தாமாக நிறுத்துவது வேறு.

ஒரு குடும்பத்தின் கதை

இதனை யாம் நூலிலே மட்டும் படிக்கவில்லை. கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலே தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்த ஒருவர். வயது நாற்பதுக்குள். இந்நோய் கண்டு மாத்திரை தொடங்கி, மூன்று மாதத்திலே வயிற்று வீக்கம் வற்றி மீண்டும் வேலைக்குப் போனார். உடம்பு நன்றாயிருந்தது. கிளினிக் நாளென்றால் அன்றைய பேர் இல்லை. அதிகாலை பஸ்ஸேறிக் கண்டிக்கு வந்து பிற்பகல்வரை வரிசையில் நிற்க வேண்டும். ஒரு முறை தவறினார். பின் மறு முறையும் தவறினார். சுகமான உடம்புக்கு மருந்தெதற்கு என்று எண்ணி விட்டே விட்டார்.

அவர் கோயிலுக்கு வரும்போதெல்லாம் யாமும் கண்டதுண்டு. "சுகமா?" என்று கேட்டோம். "மருந்து எடுக்கின்றீரா?" என்று கேட்டோமில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காத குற்றம் இன்றும் எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

எட்டு மாதத்தின் பின் நோய் சீறி எழுந்தது. வைத்தியர்கள் கடும் மருந்தினால் அதனை ஒருவாறு அடக்கி, இனி மாற்றுச் சிகிச்சையே வழி, அதையும் விரைந்து செய்ய வேண்டும் என்றனர். உடன்பிறந்தார் மூவரையும் பரிசோதித்ததில் கடைசித் தம்பியின் இழையம் முழுதும் பொருந்தியது. தம்பி சம்மதித்தார். தாயோ அழுதார். "ஒரு புள்ளைக்காக இன்னொரு புள்ளைய முடமாக்கச் சொல்றீங்களா, ஐயா? முதுகெலும்புல ஊசி குத்துனா இடுப்பு விழுந்துருமாமே?" என்று எம்மிடம் கேட்டார். லயத்திலே யாரோ சொன்ன சொல் அது. அத்தாயின் அச்சம் அன்பினாற் பிறந்ததேயன்றி வேறில்லை. அதனைத் தெளிவிக்க எமக்கு ஆறு கிழமை சென்றது. அதற்குள் நோய் மீண்டும் தலையெடுத்தது. அவர் உயிர் பிரிந்தது.

தாயாரை யாம் குறைகூறோம். அந்த அச்சம் தோன்றுமுன்னரே உண்மையை அந்த லயத்திலே சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம்.

கொடுப்பவர் இழப்பது என்ன?

ஆகவே, அந்த உண்மையை இன்று இம்மேடையிலே சொல்வோம். மச்சை வேறு, முண்ணாண் வேறு. கொடையாளியின் முண்ணாணை எவரும் தொடுவதில்லை. மூலக்கலம் எடுக்கும் முறைகள் இரண்டு. முதலாவதிலே நாலைந்து நாள் ஊசிமருந்து கொடுத்து மூலக்கலங்களை இரத்தத்துக்கு வரச்செய்து, கையின் நாளத்திலிருந்து நாலைந்து மணி நேரம் இயந்திரத்தின் வழியே பிரித்தெடுத்து, எஞ்சிய இரத்தத்தை உடம்புக்கே திருப்பிவிடுவர். அந்நாட்களிலே எலும்பு நோவும் தலைவலியும் இருக்கும், பின் அடங்கிவிடும். இரண்டாவதிலே மயக்கமருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து மச்சையை உறிஞ்சுவர். இடுப்பிலே சில நாள் நோவு இருக்கும். எடுத்த மச்சை சில கிழமைக்குள் தானே நிரம்பிவிடும். மயக்கமருந்துக்குரிய சிறு இடர் உண்டு. அதனாலேயே கொடையாளியை முற்றாகப் பரிசோதித்த பின்னரே ஏற்கின்றனர். முடமாதலும் ஆண்மை, தாய்மை குன்றுதலும் வெறும் வதந்திகளே.

நம் கண்டி வைத்தியசாலையின் புகழை அறியாதார் யார்? 2017ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே இலங்கையின் முதலாவது இருதய மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது இந்நகரிலேதான். இருதயம் கொடுப்பவர் உயிர்துறந்தவர். சிறுநீரகம் கொடுப்பவர் இரண்டில் ஒன்றை என்றைக்குமாக இழப்பவர். மூலக்கலம் கொடுப்பவரோ ஒன்றையும் இழப்பதில்லை. கிணற்றிலே இறைத்த நீர் ஊறுவது போல அது ஊறிவிடுகின்றது. ததீசி முனிவர் தேவர்களுக்காகத் தம் எலும்பையே கொடுத்து உயிர்நீத்த கதையைச் சிறுவயது முதல் கேட்டு வருகின்றோம். எலும்பின் உள்ளிருப்பதிலே சிறிது கொடுத்துவிட்டு, அடுத்த கிழமை வேலைக்குப் போகக்கூடிய காலத்திலே நாம் பிறந்திருக்கின்றோம். அந்தக் கதையைக் கேட்ட நாம் அஞ்சலாமா?

பொருத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரே தாய் தந்தையரின் பிள்ளைகளுள், ஒருவரின் இழையம் மற்றொருவருக்கு முழுதும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. மூவர் உடன்பிறந்தாராயின், அவருள் ஒருவரேனும் பொருந்தும் வாய்ப்பு நூற்றுக்கு 58. குடும்பங்கள் சிறுத்து வரும் இந்நாளிலே அதுவும் குறைகின்றது. பாதிப் பொருத்தமுள்ள தாய் தந்தையர், பிள்ளைகள் ஆகியோரிடமிருந்து பெறும் முறையும் இன்று வளர்ந்துள்ளது. குடும்பத்திலே எவரும் பொருந்தாவிடில் உலகக் கொடையாளர் பதிவேடுகளிலே தேடுவர். அவற்றிலே 4 கோடிக்கு மேற்பட்டோர் பெயர் பதிந்துள்ளனர். இழையப் பொருத்தம் முன்னோர் வழி வருவதாகலின், தமிழருக்குத் தமிழரும் தென்னாசியருக்குத் தென்னாசியரும் பொருந்தும் வாய்ப்பே மிகுதி. அப்பதிவேடுகளிலே நம்மவர் தொகை மிகச் சொற்பம். 2009இலே சென்னையில் தாத்ரி என்னும் பதிவேடு தொடங்கப்பட்டது இக்குறையை நிரப்பவே.

நம் கடன்

இளைஞர்களே! கொடுப்பதிலே இந்த நாடு பின்னின்றதில்லை. 1961இலே வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் உலகின் பல நாடுகளுக்குக் கண் அனுப்பியது. நம் இரத்த வங்கிகளிலே இரத்தம் விலைக்கு வாங்கப்படுவதில்லை. மனமுவந்து கொடுப்போரால் அவை நிறைகின்றன. இரத்தம் கொடுக்கும் கைக்கு மூலக்கலம் கொடுப்பது நெடுந்தூரமன்று.

ஆகவே, மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோளை வைக்கின்றோம். முதலாவது, நான்காமவராகுங்கள். தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைப் பக்கங்களிலிருந்து வரும் நோயாளர் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, வைத்தியசாலை வரை கூடச்செல்ல ஓர் இளைஞர் இருப்பாராயின் அதுவே பெருந்தொண்டு. அடுத்த கிளினிக் நாளை எழுதிவைத்து, முதல்நாள் தொலைபேசியிலே நினைவூட்டுங்கள். பஸ் கூலிக்கு இல்லையென்றால் மன்றம் கொடுக்கட்டும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியிலே மருந்துத் தட்டுப்பாடு நாடெங்கும் வாட்டியதை மறந்துவிடாதீர்கள். மாத்திரை முடியுமுன்னரே விசாரிக்கப் பழகுங்கள்.

இரண்டாவது, ஐந்தாமவராக ஆயத்தமாயிருங்கள். உடன்பிறந்தாருக்கோ உறவினருக்கோ பொருத்தம் பார்க்க வேண்டுமென வைத்தியர் கேட்கும்போது தயங்காது முன்செல்லுங்கள். அதற்கு வேண்டுவது சிறிதளவு இரத்தம் அல்லது கன்னத்தின் உட்புறத்தைத் தடவிய பஞ்சு மட்டுமே. கொடுப்பது அவரவர் விருப்பம், கட்டாயப்படுத்தற்குரியதன்று. ஆனால், வதந்திக்குப் பயந்து மறுக்க வேண்டாம்.

மூன்றாவது பெரியோர்களுக்கு. அச்சத்தை வளர்க்கும் சொல்லைக் கேட்டால், அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுசெல்லுமுன் வைத்தியரிடம் கேளுங்கள். நீங்கள் தலையசைத்தால்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் துணிவர்.

மறைந்த அந்த நண்பரின் தம்பி இப்போது ஒவ்வோர் இரத்ததான முகாமுக்கும் வருகின்றார். சென்ற முறை தம் தாயையும் அழைத்து வந்தார். அத்தாய் வாசலிலே அமர்ந்து, உள்ளே போக அஞ்சி நின்ற இரண்டு பெண்பிள்ளைகளிடம், "ஒண்ணும் ஆகாது, போங்க கண்ணுகளா" என்று சொல்லிக்கொண்டிருந்ததை யாம் கண்டோம். எம் சொற்பொழிவு முழுவதையும் விட அந்த ஒரு சொல் வலியது. அச்சொல்லை நம் தோட்டங்களிலும் நகரத்து வீடுகளிலும் பரப்புவது இம் மன்றத்தின் வரும் ஆண்டுப் பணியாகுக.